இரண்டு பக்கமும்

மந்தைவெளி சலூனில் முடிவெட்டும் ஃபைசானுக்கு, கிருதா சரிபார்க்க ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிக்கு முன் கண்களை மூடிக்கொள்வான். ஒரு கணம் மட்டும் திறந்து மூடுவான். எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறதென்று அதிலேயே தெரிந்துவிடும். நின்று பார்த்தால் எல்லா முகமும் கோணல்தான்.

அன்று நாற்காலியில் அவன் நண்பன் ஜெயராம். மறுநாள் அவனுக்குக் கல்யாணம்.

ஃபைசான் கண்ணைத் திறந்து மூடினான். ஜெயராமின் இரண்டு காதுகளுக்குக் கீழும் கழுத்து ஆழமாக அறுபட்டிருந்தது. இரண்டு வெட்டும் ஒரே அளவு. மறுபடி திறந்து நிதானமாகப் பார்த்தான். கழுத்தில் சோப்பு நுரை மட்டும் இருந்தது.

கத்தியை மேசையில் வைத்துவிட்டான். "முடிஞ்சுது மச்சி. எழுந்துரு."

"இன்னா முடிஞ்சுது? நுரை அப்டியே கீது. மாப்ளய இப்டியா அனுப்புவ?" என்று சிரித்தபடி ஜெயராம் கத்தியை எடுத்தான். வலது காதுக்குக் கீழே வைத்து அழுத்தி இழுத்தான். ரத்தம் கண்ணாடியில் தெறித்தது.

ஃபைசான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். ஜெயராம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கைய வுடு மச்சி. ஒரு பக்கம்தான் ஆச்சு."

ஃபைசான் பிடியை விடவில்லை. ரத்தம் முகத்தில் பட்டதும் அவன் கண் மட்டும் ஒரு கணம் மூடித் திறந்தது.

ஜெயராமின் கழுத்தில் வெட்டு இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.