அளவு சொல்லாத தாயம்

"எத்தினை நிரை, எத்தினை நிரல் எண்டு சொல்லாமல் ஒரு மேட்ரிக்ஸ் தாயமோ? கணினி ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றாள் சிவதர்சினி.

"கேக்கிறதாவது! நிறுவியே தந்திட்டுது." ரஜிதன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். "A, B எண்டு எழுத்தை மட்டும் குடுத்தன். ரண்டுக்கு ரண்டு எண்டாலும் சரி, ஆயிரத்துக்கு ஆயிரம் எண்டாலும் சரி, என்ரை சூத்திரம் பொருந்தும். நாளைக்கு ஒன்பதரைக்கு நேர்முகப் பரீட்சை. இதைத்தான் காட்டப்போறன். இருக்கிறது ஒரேயொரு விரிவுரையாளர் இடம். அதை விடமாட்டன்!"

இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகக் கணிதம் படித்தவர்கள். இதைக் காட்டவென்றே வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான் அவன்.

அவள் திரையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் அவள் கண் நின்றது.

"தேத்தண்ணி ஆறுது, குடியும்."

"அதை விடும். எப்பிடி இருக்கு?"

அவள் அவன் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"இஞ்ச பாரும். இதுகள் தாயம் எண்டு நீர் மென்பொருளுக்குச் சொல்லவேயில்லை. அது சும்மா எண்ணாக்கும் எண்டு நினைச்சு, ABயையும் BAயையும் ஒண்டாக்கிப்போட்டுது. தாயத்தை இடம் மாத்திப் பெருக்கினால் விடையும் மாறுமெல்லே?"

ரஜிதனின் முகம் கறுத்தது. "ஐயோ! முதல் கேள்வியிலேயே பிடிச்சிருப்பினம். நான் துலைஞ்சன்."

"ஒண்டும் துலையேல்லை. A தாயம், நிரை n, நிரல் n எண்டு தட்டும். Bக்கும் அப்பிடியே. இப்ப ஓட்டிப் பாரும்."

பழைய சூத்திரம் பொய்த்தது. இருவரும் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். ABயும் BAயும் தனித்தனியே நிற்க, எந்த அளவுக்கும் பொருந்தும் புதிய சூத்திரம் ஒன்று கடைசியில் கிடைத்தது.

"நீர் இல்லாட்டி நாளைக்கு என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பினம்!" என்று சிரித்துக்கொண்டே அவன் புறப்பட்டான்.

வாசல் படலையைச் சாத்திவிட்டு வந்தான் அவள் கணவன் சுதாகரன்.

"ஆள் நல்ல சந்தோசமாப் போறார். அதுசரி, அந்த விரிவுரையாளர் இடத்துக்கு நாளைக்கு உம்மை எத்தினை மணிக்கு வரச் சொல்லியிருக்கினம்?"

"பத்து மணிக்கு. அவர் வெளியில வர, நான் உள்ளுக்குப் போகவேணும்."