உறைக்குள் இருந்த காமிக்ஸ்

டொலீடோ நகரத்து அடகுக்கடையின் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் ஓர் அடகுக்கடைதான். யாரோ கொண்டுவந்த வாளைப் பார்த்து விலை சொல்ல நிபுணர் ஒருவர் சிரித்தபடி நுழைகிறார். கீழே, கண்ணாடி மேசையில் லோர்னா தன் கணவர் விட்டுப்போன காமிக்ஸை வைக்கிறாள். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்த புத்தகம். உறையின் நெற்றியில் அதன் தரத்தைச் சொல்லும் எண். "டிவில மாதிரி யாரையாவது கூப்பிட மாட்டீங்களா?" "இங்க நான் ஒருத்தன்தாம்மா," என்கிறார் கடைக்காரர் டுவெய்ன். "அந்த சீல நம்பித்தான் பணம் தரேன்." "வண்டிய ரிப்பேர் பண்ணணும், அதான் வந்தேன். ஆனா எங்க வீட்டுக்காரரு சாகறவரைக்கும் அட்டையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டுக் குடுக்கறேன்." "சீல ஒடச்சா அந்தத் தரம் செல்லாதும்மா, பாதி விலைகூடத் தேறாது."

அவள் விற்பனைக்குக் கிடக்கும் ஸ்குரூடிரைவரை எடுத்து விளிம்பில் நெம்புகிறாள். உறை பட்டென்று பிளக்கிறது. தடுக்கப்போன டுவெய்னின் கை அந்தரத்தில் நிற்கிறது. அவள் அட்டையைத் திருப்புகிறாள். முதல் பக்கத்தில், கூரைகளுக்கு மேலே ஒருத்தி பறக்கிறாள். இதுவரை வெயிலே படாத அந்தப் பக்கத்து மஞ்சளில் ஜன்னல் வெயில் விழுந்து, அந்த நிறம் லோர்னாவின் முகவாயில் ஏறுகிறது. ஓரத்தில் டிரில் மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அருகே வருகிறார். டுவெய்ன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். "மெதுவாத் திருப்புங்கம்மா." மேலே டிவியில் நிபுணர் வாளின் விலையைச் சொல்கிறார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.