ஆறாவது போல்ட்

படகின் பின்னால் தொங்கும், விசிறியைச் சுழற்றும் டிரைவைக் கழற்ற ஆறு போல்ட். ஐந்து வந்துவிட்டன. ஆறாவது, எஞ்சினுக்கும் படகின் பின்பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில், கண்ணுக்கும் தெரியாமல் கைக்கும் எட்டாமல் மெக்கானிக்கின் உயிரை வாங்கியது.

"டார்ச்சை ஒழுங்காப் பிடி!"

மனைவி பிடித்தாள். அவன் குப்புறப் படுத்துக் கையை விட்டான். விரல் முட்டித் தோல் உரிந்தது.

"இதுக்குன்னே நெருப்புல காட்டி, கழுத்தை வளைச்சு ஒரு ஸ்பேனர் செஞ்சு வச்சிருந்தேன். அது இருந்தா பத்து நிமிஷ வேலை. உன் தம்பி திருடிட்டுப் போயிட்டான்!"

"எடுக்கலன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணினானே."

"திருடன் வேற என்ன சொல்லுவான்? கூடவே வச்சுத் தொழில் கத்துக்குடுத்தேன், உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டான்."

"அவன் கல்யாணத்துக்குக்கூட என்னை விடலையே நீங்க."

"திருடன் கல்யாணத்துல உனக்கென்ன வேலை?"

பல்லைக் கடித்துக்கொண்டு தோள்வரை கையைத் திணித்தான். விரல் நுனியில் போல்ட்டுக்கு முன்னால் வேறொன்று தட்டுப்பட்டது. துருவேறிய இரும்பு. அசைத்து இழுத்ததும் கையோடு வந்தது.

கழுத்து வளைந்த ஸ்பேனர். மூன்று வருஷத்துக்கு முன் இதே படகில், இதே போல்ட்டை முடுக்கிவிட்டு அவன் எடுக்க மறந்தது.

"டார்ச்சை அணை" என்றான், குரல் இறங்கி.

அவள் அணைக்கவில்லை. வெளிச்சத்தை ஸ்பேனரிலிருந்து மெல்ல நகர்த்தி, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.