பிள்ளை பார்க்கும் படலம்

"பையன் எங்கேன்னா? எல்லாரும் தொப்பி போட்டுண்டு ஒரே மாதிரி இருக்காளே!"

"மெதுவாப் பேசு சியாமளா. அதோ, நீலச் சட்டை. இந்தப் பக்கம் குனிஞ்சு நிக்கறான் பாரு, அவன்தான் சுந்தரேஷ்" என்றார் சந்திரமௌலி.

சியாமளா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த ப்ரீதா பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. அவள் கவனமெல்லாம் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தில் இருந்தது.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு வந்து பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போன வரன்கள் இதுவரை பதினொன்று. பதினொன்றையும் ப்ரீதா தட்டிக் கழித்துவிட்டாள். இனிமேல் யார் முன்னாலும் அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்து உட்கார மாட்டேன் என்று கறாராகவும் சொல்லிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் சென்னை ஜாதகம் ஒன்று பொருந்தி வந்தது. பையனுக்கு பாங்கில் வேலை. டென்னிஸ் என்றால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவானாம். டேவிஸ் கோப்பையின் ஆசிய மண்டலத் தகுதிச் சுற்றுக்காக இரண்டு நாள் டெல்லிக்கு வந்திருக்கிறான். நாளைக் காலை விமானத்தில் திரும்புகிறான். "ஆத்துக்கு வர அவனுக்கு நேரமிருக்காது. ஸ்டேடியத்துலேயே வந்து பாத்துடுங்கோளேன்" என்றாள் பையனின் அம்மா.

"அச்சா. அவர் என்னைப் பாக்க வேண்டாம். நான் அவரைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று ப்ரீதாவும் ஒத்துக்கொண்டாள். இதுவும் பிடிக்கவில்லை என்றால் அப்புறம் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

மைதானத்தில் இந்தியாவின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். இரண்டுக்கு இரண்டு. இந்தக் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயித்துவிட்டால் அந்தக் குஷியில் பெண் தலையாட்டிவிடுவாள் என்று சந்திரமௌலி ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஆகவே ஒரே பிள்ளையாரிடம் இரண்டு வேண்டுதலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு நின்னா இடுப்பு என்னத்துக்காகும்?" என்றாள் சியாமளா.

"அவனுக்கு அது பழக்கம்."

"என்னமாக் கத்தறான்! ஆத்துலேயும் இப்படித்தான் கத்துவானோ?"

"அம்மா, சும்மா இரேன்" என்றாள் ப்ரீதா. அவள் வாயைத் திறந்ததே சந்திரமௌலிக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

முதல் செட் முடிந்ததும் பையன் கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு வந்தான். வயிறு சரியில்லையோ என்று சியாமளா அதற்கும் கவலைப்பட்டாள். "இத்தனை நாழி ஆச்சு. நம்ம பக்கம் ஒரு தடவை திரும்பினானா? சிரிச்சானா? கல்லு மாதிரின்னா இருக்கான்!"

"மேட்ச் நடக்கறச்சே யாராவது சிரிப்பாளாடீ?"

மூன்றாவது செட். எதிரணி ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி. ஐயாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தியா ஓங்கி அடித்த பந்து எதிராளியைத் தாண்டிப் பறந்துபோய்க் கோட்டருகே விழுந்தது. ஸ்டேடியமே துள்ளி எழுந்தது.

"அவுட்!"

அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தது.

"உள்ளே! நான் பாத்தேன், உள்ளேதான் விழுந்தது!" சந்திரமௌலி நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். இருபத்தாறு வருஷமாக ஆபீசில் ஒரு பியூனைக்கூட அதட்டியறியாத மனுஷர், "அம்பயர்! அந்தா ஹை க்யா? உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று இரண்டு பாஷையிலும் வெளுத்து வாங்கினார். பின்வரிசையிலிருந்து "ஷாபாஷ் அங்கிள்ஜி!" என்று யாரோ முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

சியாமளா அவர் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். "இறங்குங்கோன்னா, மானம் போறது! என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறேளா?"

"வெளியேதாம்ப்பா" என்றாள் ப்ரீதா அமைதியாக. "அரை இஞ்ச். நானும் பாத்தேன்."

வந்த காரியம் அப்போதுதான் சந்திரமௌலிக்கு ஞாபகம் வந்தது. மெதுவாகக் கீழே இறங்கினார். இரண்டு வேண்டுதலும் போயிற்று. ஒரே பெண். அவளுக்கு ஒரு நல்ல துணை அமைந்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

"சரிம்மா, வா, போகலாம். இந்த இடமும் வேண்டாம்னு அவா அம்மாவுக்கு ஃபோன் பண்ணிடறேன்."

"வேண்டாம்னு யார் சொன்னா? எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

"இவ்வளவு ரகளைக்கு அப்புறமாடீ?" என்றாள் சியாமளா.

"அதுக்கப்புறம்தாம்மா. வந்த பதினோரு பேரும் எனக்கு எது பிடிக்குமோ அதையே சொல்லிட்டுப் போனா. ஐயாயிரம் பேருக்குப் பிடிக்காததை மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு அசையாம நிக்கற ஒருத்தரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சந்திரமௌலி மகளின் தலையை வாஞ்சையாகத் தடவிக் கொடுத்தார். பிறகு ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, அசடு வழியச் சிரித்தபடி படியிறங்கினார், சற்று முன் கண் அவிந்தவன் என்று தாம் திட்டித் தீர்த்த லைன் அம்பயரை "வாங்கோ மாப்பிள்ளை!" என்று அழைப்பதற்காக.