கடைசிப் பத்து நிமிடம்

பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரத்தில் படம் எடுப்பவர்களுக்குப் பத்திரிகை விமர்சகர் எலிஹியோவின் நாலு வரி விமர்சனம் என்றாலே பயம். இளம் இயக்குநர் நிமியாவின் முதல் படத்துக்கு அவர் எழுதியது இதுதான்: "நடிப்பு சுமார். பாட்டு அதைவிடச் சுமார். கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். நீங்களே போய்ப் பாருங்கள்."

அப்படி என்னதான் இருக்கிறது என்று ஊரே தியேட்டருக்குத் திரண்டு வந்தது. திங்கட்கிழமை காலையில் நிமியா அவருடைய பத்திரிகை ஆபீசுக்கே போய்விட்டாள்.

"ஐயா, அந்த முடிவை மாத்தச் சொல்லித் தயாரிப்பாளர் சண்டையே போட்டார். நான்தான் பிடிவாதமா வெச்சேன். இப்ப பாதிப் பேர் கைதட்டறாங்க, பாதிப் பேர் திட்டறாங்க. உங்களுக்குப் பிடிச்சுதா, இல்லையா?"

எலிஹியோ தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். "முதல்ல ஜில்லுனு இதைக் குடிம்மா."

"பேச்சை மாத்தாதீங்க. மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வெளியே சொல்லிடாதே, என் வேலை போயிடும். அந்தப் பத்து நிமிஷத்தை நான் பார்க்கவே இல்ல."

"தூங்கிட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா! ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு, எழுந்து ஓடினேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழிச்சு எங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கா."

கோபம் வர வேண்டிய இடத்தில் நிமியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப என் படத்தை ஓட வெச்சது அவதானா? கிளம்புங்க ஐயா, அவளை நான் பார்த்தே ஆகணும்!"