காது மெஷின்

"அண்ணாச்சி, காது மெஷின்லாம் இப்ப நல்லா வந்துட்டு. மதினிக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்லா?" என்று கேட்டார், பாத்திரக்கடைக்கு வந்த செந்தூர்வேல்.

கடைக்காரர் பால்துரை உள்ளே பார்த்தார். சற்றுமுன் வீட்டிலிருந்து வந்த மனைவி முத்துக்கனி, டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மந்தமாகிப் பல வருஷமாகிறது; கத்தினால்தான் கேட்கும். அதனால் அவள் எதிரிலேயே தாராளமாகப் பேசுவார்.

"அதெல்லாம் ஏமாத்து வேல, வேலு. சிலிண்டர் விக்கிற வெலையில மெஷின் ஒண்ணுதான் கேடாக்கும்? இவ கேட்டு என்னத்தக் கிழிக்கப் போறா? எனக்கும் தொணதொணப்பு இல்லாம நிம்மதியா இருக்கு."

செந்தூர்வேல் சங்கடத்தோடு கிளம்பினார்.

"ஏளா, காப்பி கொண்டா!" வழக்கம்போல் கத்தினார் பால்துரை.

"மெதுவாச் சொல்லுங்க. நல்லாக் கேக்கு."

திடுக்கிட்டுத் திரும்பினார். முத்துக்கனி காதை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். காதுக்குள் சின்னதாய் ஒரு மெஷின்.

"காலையில மக வந்து மாட்டிவிட்டா. மொதல்ல உங்க கொரலக் கேக்கணும்னு ஆசையா ஓடி வந்தேன். ஆளு போகட்டும்னு இருந்தேன்."

பால்துரை அவளருகே வந்தார். "முத்து... நான் வந்து..." என்று இழுத்தார்.

அதற்குள் அவள் மெஷினைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.