நாற்பத்தேழாம் பக்கம்

நாற்பத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி.

அவள் எழுதியதல்ல.

புத்தகத்தின் புரூஃபைத் திருத்தி அனுப்பியிருந்தவர் ராக்கியண்ணன். திருச்செங்கோட்டுக்காரர். ஒற்றை போர்வெல் லாரியில் தொடங்கிப் பெரிய ஆளானவர். அவருடைய வாழ்க்கைக் கதையை அவர் பெயரில் எழுதிக்கொடுப்பது அவள் வேலை. அட்டையில் அவர் படம், அவர் பெயர். அவள் பெயர் எங்கேயும் வராது. இதுவரை பதினோரு புத்தகம் அப்படித்தான் போயிற்று. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது.

ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது.

சொல்கிறவர்களுக்கு ஞாபகம் விட்டுப்போன இடத்தில், தன்னுடையதிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவாள். ஒரு டாக்டருக்குத் தான் நனைந்த முதல் மழையைக் கொடுத்தாள். ஒரு தலைமையாசிரியருக்குப் பள்ளிக்கூடத்தின் முதல் நாளை. யாரும் கண்டுபிடித்ததில்லை. வெளியீட்டு விழா மேடையில் அவர்களே அதைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். இவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வருவாள்.

அந்த மழை இப்போது அவளுக்கு அவ்வளவாக நினைவில்லை. வயசாகிறது என்று விட்டுவிட்டாள்.

அம்மாவை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை.

ராக்கியண்ணனிடம்தான் அந்தக் கட்டுப்பாடு உடைந்தது.

"நாலு வயசுல அம்மா போயிட்டாங்க அம்மிணி. முகங்கூட ஞாபகமில்லீங்க. நீங்களே பார்த்து ஏதாச்சும் நல்லதா எழுதிப்போடுங்க."

அறுபத்தெட்டு வயசு மனுஷர், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே அதைச் சொன்னார். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

அவளும் நாலு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. இருந்தது ஒரே ஒரு நினைவு. காய்ச்சலில் துவண்ட இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில், வறண்ட ஆற்று மணலில் அம்மா ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள். முந்தானையைப் பிள்ளையின் தலைமேல் பிடித்திருக்கிறாள்.

அதை அப்படியே எழுதிக்கொடுத்தாள்.

அப்படியே என்று சொல்லக்கூடாது. நடந்துகொண்டே அம்மா சொன்னதை மட்டும் எழுதவில்லை. அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். கட்டிய புருஷனிடம்கூட அதைச் சொன்னதில்லை.

பச்சை மை அதைத்தான் எழுதியிருந்தது.

'கண்ண மூடாத சாமி. உன் கண்ணுக்குள்ளதான் அம்மா இருக்கேன்.'

ஒருவேளை தானே எழுதித் தொலைத்துவிட்டோமோ என்று கம்ப்யூட்டரில் முதல் பிரதியைத் திறந்து பார்த்தாள். இல்லை. போனை எடுத்தாள்.

"இதை உங்களுக்கு யார் சொன்னாங்க ஐயா?"

"யாருஞ் சொல்லலீங்க. நீங்க எழுதினதப் படிச்சனுங்க, அடுத்தாப்ல தானா வந்துருச்சு." ராக்கியண்ணனின் குரல் தழுதழுத்தது. "இப்ப முகமே தெரியுதுங்க. இடது மூக்குல சின்னதா மூக்குத்தி. சிரிச்சா ஒரு பல்லு மேல ஏறித் தெரியும். இத்தன வருசம் எங்க இருந்துச்சோ போங்க."

அவள் மனசுக்குள் சரிபார்க்கப் போனாள். மூக்குத்தி இடதா, வலதா?

தெரியவில்லை.

நேற்று வரை தெரிந்தது.

"அந்த அத்தியாயம் வேண்டாம் ஐயா. எடுத்துடலாம். அது என் அம்மா."

ராக்கியண்ணன், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

"எழுதறவங்களுக்கு அப்படித்தான் தோணுமுங்க அம்மிணி."

போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

ஆறு இருந்தது. மணலும் வெயிலும் இருந்தன.

அம்மா போய்க்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. இவள் கரையில் நின்றாள். கூப்பிட்டுப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை.

இடுப்பில் இருந்த பையன் மட்டும், சட்டைப் பொத்தானைத் திருகியபடி, அம்மாவின் தோளுக்கு மேலாக, இவளையே பார்த்துக்கொண்டு போனான்.

கண்ணை மூடவே இல்லை.